பொது சுகாதாரத்தில் இளநிலைப் பட்டம்: நேரடியாகச் சேரலாமா, வேறு பாடம் படித்துவிட்டு வரலாமா?

தும்பை

வணக்கம். பள்ளிப் படிப்பு முடிந்துவிட்டது. இரண்டு பட்டப் படிப்புகளில் இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று பொது சுகாதாரம், இன்னொன்று புள்ளியியல். எதில் சேருவது என்று சீக்கிரம் சொல்லியாக வேண்டும்.

மருத்துவராகும் ஆசை எனக்கு இல்லை. நோய் ஏன் சிலரையே திரும்பத் திரும்பப் பிடிக்கிறது, ஒரே நகரத்தில் ஒரு பகுதிக்கும் அடுத்த பகுதிக்கும் ஆயுளில் ஏன் இவ்வளவு வித்தியாசம், ஒரு தடுப்பூசித் திட்டம் ஓரிடத்தில் நன்றாக நடக்கிறது, இன்னோரிடத்தில் ஏன் படுத்துவிடுகிறது என்ற கேள்விகள்தான் என்னை இழுக்கின்றன. வீட்டிலோ, "டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை, அப்படியென்றால் படித்து முடித்து என்ன செய்வாய் மகளே?" என்கிறார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

தேடிப் படித்ததில் பாதிப் பேர் முதுநிலைப் பட்டம் இல்லாமல் இந்தத் துறையில் மதிப்பே இல்லை என்கிறார்கள். மீதிப் பேர் உலகத்தைக் காப்பாற்றலாம் என்கிறார்கள். இரண்டுமே எனக்கு உதவவில்லை. உள்ளே இருப்பவர்கள் சொல்லுங்கள்: உண்மையில் என்ன படிக்க வேண்டியிருக்கும்? கணக்கு எவ்வளவு? முடித்தால் என்ன வேலை?

வடதிசை

நோய்க் கண்காணிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். ஆள் எடுக்கும் குழுவிலும் உட்காருவதுண்டு. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், புள்ளியியலில் சேருங்கள். பொது சுகாதாரத்தை முதுநிலையில் படித்துக்கொள்ளலாம்.

காரணம் இதுதான். இந்தத் துறையில் ஐந்து பெரிய பாடங்கள் உண்டு. நோய்ப்பரவலியல், அதாவது எபிடெமியாலஜி, முதலாவது; நோய் யாருக்கு, எங்கே, ஏன் வருகிறது என்று ஆராய்வது. அப்புறம் உயிர்ப்புள்ளியியல், சுற்றுச்சூழல் சுகாதாரம், சுகாதாரக் கொள்கையும் நிர்வாகமும், சமூக-நடத்தை அறிவியல். மூன்று நான்கு வருடத்தில் ஐந்தையும் தொட வேண்டும் என்றால் எதிலும் ஆழமாக இறங்க முடிவதில்லை. வேலைக்கு வருகிறவர்களிடம் அது தெரிகிறது. ஆரம்ப சுகாதாரம் பற்றிய 1978 அல்மா-அட்டா பிரகடனம், சுகாதார மேம்பாடு பற்றிய 1986 ஒட்டாவா சாசனம் என்று கடகடவென்று சொல்வார்கள். நோயாளிகளின் பட்டியல் ஒன்றைக் கையில் கொடுத்து, அறிகுறி தொடங்கிய தேதிகளை வைத்து ஒரு வரைபடம் போட்டு, இது ஒரே மூலத்திலிருந்து எல்லோருக்கும் வந்ததா, ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றியதா என்று சொல்லுங்கள் என்றால் அமைதியாகிவிடுவார்கள்.

இன்னொன்று. இந்தத் துறை வெகுகாலம் வேறு ஒரு தொழிலைக் கற்றவர்களுக்கான மேற்படிப்பாகத்தான் இருந்தது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 1916-ல் பொது சுகாதாரப் பள்ளி தொடங்கியபோதே, மருத்துவர், செவிலியர், பொறியாளர் என்று கையில் ஏற்கெனவே ஒரு தொழில் உள்ளவர்கள் வந்து சேருவார்கள் என்ற எண்ணம்தான் இருந்தது. பல வேலை விளம்பரங்கள் இன்றும் முதுநிலையைக் கேட்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

கார்முகில்

வடதிசை அண்ணா சொன்ன குறை உண்மை. முடிவை மட்டும் நான் ஏற்கவில்லை.

நான் படித்தது இந்த இளநிலைப் பட்டம்தான். இப்போது தாய்-சேய் நலத் திட்டங்கள் உண்மையில் பலன் தருகின்றனவா என்று மதிப்பிடும் வேலை. என்னுடன் இருப்பவர்களில் புள்ளியியலில் இருந்து வந்தவர்கள் உண்டு. கணிப்பில் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். ஆனால் ஒரு தரவுத்தொகுப்பு வந்ததும் அவர்கள் மாடலில் தொடங்குகிறார்கள். நான் அதற்கு முன்னால், இந்தப் பட்டியலில் யார் வரவே இல்லை என்று கேட்கிறேன். மருத்துவமனைப் பதிவேட்டில் இருப்பவர்கள் மருத்துவமனைவரை வந்து சேர்ந்தவர்கள். வீட்டிலேயே பிரசவித்தவர், வழியிலேயே இறந்தவர், பதிவாகாத குழந்தை, இவர்களெல்லாம் எங்கே? அந்தக் கேள்வி எனக்குப் பழக்கமாக வருவதற்குக் காரணம், முதல் பருவத்திலிருந்தே அதைக் கேட்க வைத்தார்கள்.

சரி, என்ன படிப்போம்? இடத்துக்கு இடம் மாறும், பொதுவாகச் சொல்கிறேன். முதல் வருடத்தில் உடலியல், நுண்ணுயிரியல் அடிப்படை, சமூகவியல், பொது சுகாதார அறிமுகம். இரண்டாவது வருடம் கனமானது. எபிடெமியாலஜி, புள்ளியியல், ஆய்வு முறைகள் மூன்றும் ஒன்றாக வந்து இறங்கும். அப்புறம் கொள்கை, சுகாதாரப் பொருளாதாரம், சத்துணவு, தொழில்சார் நலம், சுற்றுச்சூழல். கடைசியில் களப்பயிற்சியும் ஓர் ஆய்வறிக்கையும். களப்பயிற்சி நல்லதாக அமைந்தால் மொத்தப் பட்டத்துக்கும் அது போதும். மோசமாக அமைந்தால் ஓர் அலுவலக மூலையில் கோப்பு அடுக்கிவிட்டு வருவீர்கள்.

வீட்டில் கேட்ட கேள்விக்கு இப்படிச் சொல்லிப் பாருங்கள்: மருத்துவர் தம் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒருவரைக் குணமாக்குகிறார், நான் அடுத்த ஆயிரம் பேர் அந்த நாற்காலியில் வந்து உட்காராமல் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் படிக்கிறேன்.

பாடவேளை

நான் எபிடெமியாலஜி கற்பிக்கிறவன். பாடத்தின் தன்மை புரிய ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். முதல் வாரத்திலேயே எங்கும் சொல்லிக்கொடுப்பார்கள், ஆனால் பெரும்பாலும் பாதிக் கதைதான்.

1854-ல் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா. ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் இறந்தவர்களின் வீடுகளைக் குறித்துக்கொண்டே போனார். ஏறக்குறைய எல்லாம் பிராட் தெருவின் அடிகுழாயைச் சுற்றியே விழுந்தன. குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. இதுவரை எல்லோருக்கும் தெரியும். கைப்பிடியைக் கழற்றியபோது நோய் ஏற்கெனவே இறங்கத் தொடங்கியிருந்தது, பயந்துபோன மக்கள் அந்தப் பகுதியை விட்டே வெளியேறிக்கொண்டிருந்தார்கள் என்பதைப் பலர் சொல்வதில்லை. ஆகவே கைப்பிடி எதையும் நிரூபிக்கவில்லை.

ஸ்னோவின் வலுவான ஆதாரம் வேறு இடத்தில் இருக்கிறது. தெற்கு லண்டனில் இரண்டு தண்ணீர் கம்பெனிகள் ஒரே தெருக்களில் குழாய் போட்டிருந்தன. லாம்பெத் கம்பெனி 1852-ல் தன் நீரெடுப்பு இடத்தைத் தேம்ஸ் நதியின் மேற்பகுதிக்கு, நகரக் கழிவு கலக்காத இடத்துக்கு மாற்றிவிட்டது. சவுத்வார்க்-வாக்ஸ்ஹால் கம்பெனி பழைய இடத்திலேயே எடுத்தது. பக்கத்துப் பக்கத்து வீடுகள், ஏழையும் பணக்காரரும் இரண்டிலும் கலந்து இருந்தார்கள், காற்றும் ஒன்றே. வித்தியாசம் தண்ணீரில் மட்டும். பத்தாயிரம் வீடுகளுக்கு இறப்பு, சவுத்வார்க்-வாக்ஸ்ஹாலில் 315, லாம்பெத்தில் 37.

இதில் நான் மாணவர்களிடம் அழுத்திச் சொல்வது ஒன்று உண்டு. தங்கள் வீட்டுக்கு எந்தக் கம்பெனித் தண்ணீர் வருகிறது என்று பல குடும்பங்களுக்குத் தெரியாது. ஸ்னோ தண்ணீரை வாங்கி, உப்பைக் காட்டிக்கொடுக்கும் சில்வர் நைட்ரேட் விட்டுப் பார்த்தார். ஒன்றில் உப்பு மிக அதிகம், இன்னொன்றில் குறைவு. அப்படித்தான் பிரித்தார். காலராக் கிருமியை ராபர்ட் காக் அடையாளம் காட்ட இன்னும் முப்பது வருடம் இருந்தது. கிருமி தெரியாமலே ஒரு நோயின் வழியைக் கண்டுபிடிக்க முடிந்திருக்கிறது. வீடு வீடாகப் போனது, ஒப்பிடத் தகுந்த இரண்டு கூட்டங்களைக் கண்டது, இறந்தவர்களை மொத்த வீடுகளால் வகுத்தது, இந்த மூன்றும் சேர்ந்ததால்தான் அது நடந்தது.

வடதிசை சொல்லும் புள்ளியியலுக்கும் கார்முகில் சொல்லும் கேள்விக்கும் நடுவில் என் பாடம் இருக்கிறது. தும்பை, இந்தக் கதையில் உங்களை எது பிடித்து நிறுத்தியது என்று யோசியுங்கள். 315-ஐயும் 37-ஐயும் எப்படி ஒப்பிடுவது என்பதா, அந்த உப்புச் சோதனையா, அல்லது கம்பெனிகளை இடம் மாற வைத்த சட்டமா?

தும்பை

ஐயா, உண்மையைச் சொன்னால் உப்புச் சோதனையும் கடைசியும். கம்பெனிகளை நகர வைத்தது யார் என்று உடனே தேட ஆரம்பித்துவிட்டேன்.

கணக்கு பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லுங்கள். பள்ளியில் கணக்கு வரும், ஆனால் பிடித்துப் போய்ச் செய்ததில்லை. எந்த மாதிரிக் கணக்கு என்று ஓர் உதாரணம் கிடைத்தால் எனக்கு ஒத்துவருமா என்று பார்த்துக்கொள்வேன்.

பாடவேளை

இதைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். ஒரு நோய் நூற்றில் ஒருவருக்கு இருக்கிறது. ஒரு பரிசோதனை, நோய் உள்ளவர்களில் 90 சதவீதத்தினரைச் சரியாகப் பிடிக்கிறது. நோய் இல்லாதவர்களில் 95 சதவீதத்தினரைச் சரியாக விட்டுவிடுகிறது. கேட்க நல்ல பரிசோதனையாகத்தான் இருக்கிறது. பத்தாயிரம் பேரைச் சோதிக்கிறோம். ஒருவருக்குப் பாசிட்டிவ் என்று வருகிறது. அவருக்கு உண்மையிலேயே நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு?

பலரும் 90 என்பார்கள். போட்டுப் பார்ப்போம். பத்தாயிரத்தில் நோய் உள்ளவர் 100 பேர். அவர்களில் 90 பேர் பாசிட்டிவ். நோய் இல்லாதவர் 9,900. அதில் 5 சதவீதம், அதாவது 495 பேர், தவறாகப் பாசிட்டிவ். மொத்தப் பாசிட்டிவ் 585. அதில் உண்மையானது 90. ஆக, ஏறத்தாழ 15 சதவீதம். பாசிட்டிவ் வந்தவர்களில் ஏறத்தாழ ஏழில் ஆறு பேருக்கு அந்த நோயே இல்லை. இதே பரிசோதனையை, பாதிப் பேருக்கு நோய் இருக்கும் ஒரு கூட்டத்தில் செய்தால் விடை 95-க்குப் பக்கத்தில் போய்விடும். பரிசோதனை மாறவில்லை, மக்கள்தான் மாறியிருக்கிறார்கள். நோய் அறிகுறி எதுவும் இல்லாத எல்லோரையும் சோதித்துவிடலாமே என்று யாராவது சொல்லும்போது இந்தத் துறையினர் ஏன் தயங்குகிறார்கள் என்பது இங்கிருந்து புரியும்.

இதில் பெருக்கலும் வகுத்தலும்தான் இருக்கின்றன. கஷ்டம், எதை எதனால் வகுப்பது என்பதில்.

இன்னொன்று. ஜப்பானில் ஆயிரம் பேருக்கு இத்தனை பேர் இறக்கிறார்கள் என்ற விகிதம் வங்கதேசத்தைவிட அதிகம். ஜப்பானியர்களின் உடல்நலம் மோசம் என்று அர்த்தமா? இல்லை, அங்கே முதியவர்கள் அதிகம். வயதைச் சரிக்கட்டாமல் இரண்டு நாடுகளை ஒப்பிட்டால் தலைகீழான முடிவுக்கு வந்துவிடுவோம். இதைச் சரிக்கட்டுவது எப்படி என்று இரண்டாம் வருடத்தில் கையால் போட வைப்போம். அதற்கு மேல் ரிக்ரெஷன் (எந்தக் காரணிக்கு எவ்வளவு பங்கு என்று கணிப்பது), உயிர்வாழ்வுப் பகுப்பாய்வு (எவ்வளவு காலம் உயிரோடு இருக்கிறார்கள் என்று கணிப்பது) எல்லாம் வரும். அங்கே கொஞ்சம் மூச்சு வாங்கும். ஆனால் மென்பொருள் கூட இருக்கும், ஆசிரியரும் இருப்பார்.

வெண்மணல்

செவிலியராக இருந்துவிட்டுப் பிறகு இந்தப் பட்டத்தில் சேர்ந்தவள். எல்லோரும் எண்களைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று ஒருத்தி சொல்ல வேண்டும்.

ஒருவர் கதவைத் தட்டி, முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் "உங்களுக்கு எத்தனை குழந்தைகள் பிறந்தன, எத்தனை உயிரோடு இருக்கின்றன" என்று கேட்டு, அந்தப் பதிலை ஒரு கட்டத்தில் எழுதும்போதுதான் தரவு பிறக்கிறது. அந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது, மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் எதைக் கேட்கக் கூடாது, பதில் வராத அமைதியை என்ன செய்வது, இதற்கெல்லாம் பயிற்சி வேண்டும். "உடல்நலம் எப்படி?" என்று கேட்டால் எல்லோரும் "பரவாயில்லை" என்பார்கள். "கடந்த இரண்டு வாரத்தில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு இருந்ததா?" என்று காலவரையோடு கேட்டால் பதில் வரும். கேள்வித்தாள் தயாரிப்பது ஒரு தனிக் கலை. நல்ல பட்டப் படிப்பில் அதற்கென்றே ஒரு பாடம் இருக்கும். நேர்காணல், குழு உரையாடல், அவற்றை எழுத்தாக்கிப் பகுத்துப் பார்ப்பது எல்லாம் அதோடு சேர்ந்தவை.

அறவியலையும் யாரும் சொல்லவில்லை. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 1932 முதல் 1972 வரை டஸ்கீகி ஆய்வு நடந்தது. சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய் இருந்த 399 கறுப்பின ஆண்களுக்கு நோயின் பெயரைக்கூடச் சரியாகச் சொல்லாமல், 1940-களில் பெனிசிலின் வழக்கமான சிகிச்சையாகிவிட்ட பிறகும் கொடுக்காமல், நோய் எப்படி முற்றுகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். நடத்தியது அந்நாட்டுப் பொது சுகாதாரத் துறை. நம்முடைய துறை. அதன் பிறகுதான், மனிதர்களை வைத்து நடக்கும் ஆய்வுகளுக்கு நெறிமுறை வகுத்த பெல்மான்ட் அறிக்கை 1979-ல் வந்தது. ஆய்வுக்கு முன்னால் நெறிமுறைக் குழுவிடம் அனுமதி வாங்கும் படிவத்தை நிரப்பும்போது சில மாணவர்கள் இதெல்லாம் எதற்கு என்று சலித்துக்கொள்வார்கள். அந்தப் படிவத்தின் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் அந்த மனிதர்கள் இருக்கிறார்கள் என்று நான் அவர்களிடம் சொல்வேன்.

தங்கை, மனிதர்களோடு உட்கார்ந்து பேசப் பிடிக்குமா என்று உன்னையே கேட்டுக்கொள். பிடிக்கும் என்றால் இந்தப் பட்டத்தில் உனக்கு இடம் இருக்கிறது, கணக்கு சுமாராக வந்தாலும்.

வடதிசை

வெண்மணல் அக்கா சொன்னதில் கடைசி வரியைத் தவிர எல்லாவற்றையும் ஏற்கிறேன். கணக்கு சுமாராக இருந்தால் போதும் என்று தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள். களத்தில் நன்றாகப் பேசுகிறவர்கள், தாங்கள் சேகரித்த தரவை யாரோ ஒருவர் தப்பாகப் பகுத்து அறிக்கை எழுதும்போது தடுக்க முடியாமல் போவதைப் பார்த்திருக்கிறேன். அந்த மக்கள் சொன்னதற்கு நீதி செய்ய வேண்டுமென்றால் பகுப்பாய்வும் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொரு உதாரணம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஹார்மோன் மாத்திரை கொடுத்தால் இதயநோய் குறைகிறது என்று பல வருடங்களாக அவதானிப்பு ஆய்வுகள், அதாவது மாத்திரையைத் தாமாகவே எடுத்தவர்களையும் எடுக்காதவர்களையும் பார்த்து ஒப்பிடும் ஆய்வுகள், சொல்லிக்கொண்டிருந்தன. 2002-ல் விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ் என்ற பெரிய சோதனையில், பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்தபோது, இரண்டு ஹார்மோன் சேர்ந்த மாத்திரை எடுத்தவர்களுக்கு இதயநோயும் பக்கவாதமும் மார்பகப் புற்றும் கூடுதலாக வந்தன. முந்தைய ஆய்வுகளில் மாத்திரை எடுத்தவர்கள் பெரும்பாலும் வசதியானவர்கள், உடலைக் கவனித்துக்கொள்கிறவர்கள். மாத்திரைக்குக் கிடைத்த பெயரில் ஒரு பங்கு வசதியைச் சேர வேண்டியது. எந்த வயதில் மாத்திரை தொடங்கினார்கள் என்பதும் முக்கியம் என்று பின்னால் பேசப்பட்டது. இதை நேர்காணலால் மட்டும் கண்டுபிடிக்க முடியாது, கணக்கால் மட்டும் கண்டுபிடிக்கவும் முடியாது. அந்தப் பெண்கள் யார் என்றும் தெரிய வேண்டும்.

ஆகவே என் முதல் பதிலைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். பொது சுகாதாரத்திலேயே சேரலாம், பாடத்திட்டம் சரியாக இருந்தால். அதை இப்படிப் பாருங்கள். புள்ளியியல் ஒரே ஒரு பாடமாக இருந்தால் போதாது, குறைந்தது இரண்டாவது இருக்க வேண்டும். ஆய்வு முறைகள் தனிப் பாடமாக இருக்கிறதா? ஆர் அல்லது ஸ்டேட்டா போன்ற ஒரு மென்பொருளில் மாணவர்களே உட்கார்ந்து வேலை செய்கிறார்களா, ஆசிரியர் திரையில் காட்டுவதோடு சரியா? களப்பயிற்சியை யார் ஏற்பாடு செய்கிறார்கள்? "நீயே தேடிக்கொள்" என்றால் கவனம். கற்பிக்கிறவர்களில் இந்தத் துறையில் வேலை செய்தவர்கள் எத்தனை பேர்? போன வருடம் முடித்த மாணவர்களின் ஆய்வறிக்கைத் தலைப்புகளைக் கேட்டு வாங்குங்கள். "பற்றிய விழிப்புணர்வு" என்று முடியும் தலைப்புகள் மட்டுமே இருந்தால் எனக்குக் கவலையாக இருக்கும்.

அரைநிலா

இரண்டாம் வருட மாணவி. இப்போது படித்துக்கொண்டிருப்பவளின் பார்வையில் கொஞ்சம் சொல்கிறேன்.

எழுத்து வேலை ஏராளம். அறிவியல் பட்டம் என்று நினைத்து வந்தவர்கள் இதில்தான் திணறுகிறார்கள். ஒரே விஷயத்தை ஆசிரியருக்குக் கட்டுரையாக, அமைச்சருக்கு இரண்டு பக்கக் குறிப்பாக, பொதுமக்களுக்குச் சுவரொட்டியாக எழுதச் சொல்வார்கள். மூன்றாவதுதான் மிகக் கடினம். குழு வேலையும் நிறைய. ஐந்து பேரில் இருவர் வேலை செய்வார்கள், அது எந்தப் படிப்பிலும் உள்ளதுதான்.

எனக்கு மனத்தில் ஆழமாக இறங்கியது ஜெஃப்ரி ரோஸ் என்ற ஆங்கிலேய நோய்ப்பரவலியலாளரின் கருத்து. அதை எண்ணில் போட்டுப் பார்த்தேன். ஆயிரம் பேருக்கு ஆபத்து அதிகம், நூற்றில் ஐந்து பேருக்கு நோய் வரும். அப்படியென்றால் 50 நோயாளிகள். இருபதாயிரம் பேருக்கு ஆபத்து குறைவு, நூற்றில் ஒருவருக்கு. ஆனால் அங்கே 200 நோயாளிகள். அதிக ஆபத்து உள்ளவர்களை மட்டும் தேடித் தேடிக் கவனித்தால் பெரும்பாலான நோயாளிகளைத் தவறவிட்டுவிடுவோம். எல்லோருக்கும் சிறிய அளவில் ஆபத்தைக் குறைத்தால் பலன் பெரிது. ஆனால் அந்த இருபதாயிரம் பேரில் தனித்தனியாக ஒருவரிடம் போய் "இதனால் உங்களுக்கு என்ன கிடைத்தது" என்று கேட்டால் அவருக்கு எதுவும் தெரியாது. ரோஸ் இதைத் தடுப்பின் முரண் என்றார்.

இந்தத் துறையின் வலியும் இதுவே என்று நினைக்கிறேன். வராமல் போன நோய்க்கு முகம் கிடையாது. யாரும் வந்து நன்றி சொல்ல மாட்டார்கள். நிதி வெட்டும்போது முதலில் கை வைப்பதும் இங்கேதான். பெரியம்மை 1977-ல் சோமாலியாவில் இயற்கையாகத் தொற்றிய கடைசி நோயாளியோடு நின்றது, 1980-ல் ஒழிந்ததாக அறிவித்தார்கள். அதனால் இன்று உயிரோடு இருப்பவர்கள் யார் யார் என்று சொல்ல முடியாது. தும்பை, வேலையின் பலன் உடனே கண்ணில் தெரிய வேண்டும் என்பவராக இருந்தால், இதை யோசித்துவிட்டு முடிவெடுங்கள்.

கார்முகில்

அரைநிலா எழுதியதை இரண்டு முறை படித்தேன். நன்றி.

வேலை பற்றிய கேள்விக்கு இன்னும் யாரும் சரியாகப் பதில் சொல்லவில்லை. இந்தப் பட்டம் சிகிச்சை அளிக்கும் உரிமம் தராது. அதை முதலிலேயே வீட்டில் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பெயரில் சுகாதாரம் இருப்பதால் பின்னால் மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்க்கலாம் என்று நினைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. சுற்றுச்சூழல் சுகாதார அதிகாரி போன்ற சில பதவிகளுக்கு, பல நாடுகளில் குறிப்பிட்ட அங்கீகாரம் பெற்ற படிப்பைத்தான் ஏற்பார்கள். அந்த வழியில் ஆசை இருந்தால் சேருவதற்கு முன்பே விசாரியுங்கள்.

பட்டம் முடித்த கையோடு கிடைப்பவை பெரும்பாலும் உதவியாளர், ஒருங்கிணைப்பாளர் நிலை வேலைகள். ஆய்வு உதவியாளர், திட்டக் கண்காணிப்பு, நோய்க் கண்காணிப்புத் தரவு, சுகாதாரக் கல்வி, தொழிற்சாலைப் பாதுகாப்பு, மருத்துவமனைத் தர மேம்பாடு, காப்பீடு. தொடக்கத்தில் பதவி சிறியதுதான். அங்கே ஒரு வருடம் இரண்டு வருடம் இருந்துவிட்டு, எந்தப் பக்கம் போவது என்று தெரிந்துகொண்டு முதுநிலைக்குப் போவது நல்லது. படிப்பு முடிந்த மறுநாளே முதுநிலையில் சேருகிறவர்கள், களத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்களோடு ஒரே வகுப்பில் உட்காரும்போது பேசுவதற்குச் சரக்கு இல்லாமல் தவிக்கிறார்கள். முதுநிலை இல்லாமல் மதிப்பில்லை என்று சொன்னவர்களுக்கு என் பதில் இது. மேலே போகப் போக அது தேவைப்படும், முதல் படிக்குத் தேவையில்லை.

தும்பை

எல்லோருக்கும் நன்றி. பதில்களை அச்செடுத்து வீட்டில் காட்டினேன். அம்மா வெண்மணல் அக்கா எழுதியதைச் சத்தமாகப் படித்தார். அப்பா பரிசோதனைக் கணக்கைத் தாமே காகிதத்தில் போட்டுப் பார்த்து, விடை அதேதானா என்று சரிபார்த்தார்.

இரண்டு பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டத்தையும் வடதிசை அண்ணா சொன்னபடி பார்த்தேன். பொது சுகாதாரப் பட்டத்தில் புள்ளியியல் இரண்டு பாடம், ஆய்வு முறைகள் தனியாக, களப்பயிற்சி ஒரு முழுப் பருவம், அதைத் துறையே ஏற்பாடு செய்கிறது. விருப்பப் பாடங்களைப் புள்ளியியல் துறையிலிருந்தும் எடுக்கலாம் என்று போட்டிருக்கிறது. ஆய்வறிக்கைத் தலைப்புகளைக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். பதில் வந்ததும் சேர்ந்துவிடுவேன் என்று நினைக்கிறேன்.

வகுப்பு தொடங்கும்வரை நேரம் இருக்கிறது. என்ன செய்யலாம்?

வடதிசை

நல்ல முடிவு. அந்த விருப்பப் பாட வசதியை விட்டுவிடாதீர்கள். ரிக்ரெஷன் பாடத்தைப் புள்ளியியல் துறையிலேயே போய்ப் படியுங்கள்.

ஆர் மென்பொருள் இலவசம். நிறுவிக்கொள்ளுங்கள். உலகச் சுகாதார நிறுவனமும் உலக வங்கியும் நாடுவாரியான தரவுகளை இலவசமாகத் தருகின்றன. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்பு விகிதத்தை ஏதாவது மூன்று நாடுகளுக்கு எடுத்து, வருடவாரியாக ஒரு கோட்டுப்படம் போடுங்கள். கோடு திடீரென்று ஏறும் இடமோ சரியும் இடமோ இருந்தால், அந்த வருடம் அங்கே என்ன நடந்தது என்று தேடிப் படியுங்கள். போர், பஞ்சம், நிலநடுக்கம், தடுப்பூசித் திட்டம், எதுவாகவும் இருக்கலாம். சில நேரம் கணக்கெடுப்பு முறை மாறியிருக்கும், உண்மையில் ஒன்றுமே நடந்திருக்காது. அதையும் கண்டுபிடிக்கப் பழகுங்கள்.

பாடவேளை

அதோடு ஒன்று. விகிதத்தைப் பார்க்கும்போது, பிறப்பையும் இறப்பையும் ஒழுங்காகப் பதிவு செய்யாத நாடுகளில் அந்த எண் எப்படி வந்தது என்று தரவின் விளக்கக் குறிப்பைத் திறந்து படியுங்கள். தாய்மார்களிடம் அவர்களின் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டு, அதிலிருந்து கணித்திருப்பார்கள். வெண்மணல் தட்டிய கதவு அங்கே இருக்கும்.

ஆய்வறிக்கைத் தலைப்புகள் வந்தால் இங்கே போடுங்கள் தும்பை. எது நல்ல கேள்வி, எது இல்லை என்று சேர்ந்து பார்க்கலாம்.